விமானியின் இடது

மார்ச் 3, திங்கள்

இன்று காலை ஒரு போர் விமானியின் தலையை விழுங்கிவிட்டேன். வெளியே யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே எழுதி வைக்கிறேன்.

மிளகை விட ஒரு நூல் பெரிய தலை. தோல் தொப்பி, மூக்கு, வாய், ஏதோ யோசிக்கிற மாதிரி ஒரு பார்வை கூட இருந்தது. "இத கொஞ்சம் பிடிங்க" என்று கொடுத்துவிட்டு மனைவி பசை எடுக்கத் திரும்பினாள். என் இரண்டு கையிலும் அதற்கு முன்பே அவள் கொடுத்த இரண்டு சக்கரங்கள். தலையை உதட்டில் இடுக்கிக்கொண்டேன். சரியாக அந்த நேரம் பார்த்து மச்சினி ஃபோன். மனைவி அதை ஸ்பீக்கரில் போட்டாள். "என்ன அத்தான், அக்கா இன்னும் பொம்மை வச்சுத்தான் விளையாடறாளா?" பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பதில் வெளியே வந்தது, விமானி உள்ளே போனார்.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அவர்தான் பாவம்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் புதுத் தலை தயார். பல் செட்டில் ஈறு செய்கிற ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கில் செதுக்கியிருந்தாள். ஈறுக்கென்று விற்கிற அந்த நிறம் மனித முகத்துக்கு இவ்வளவு பொருந்தும் என்று யாருக்குத் தெரியும்? பழைய தலையை விட இது லட்சணம். கொஞ்சம் என் சாயல் என்று கூடத் தோன்றியது. சொல்லவில்லை. இன்று எனக்கு அந்தத் தகுதி இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

நான் போன பிறகு இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்து, 'தலையை விழுங்கியவன்' என்ற ஒரே தகவலோடு அவர்கள் என்னை எடை போட்டுவிடக் கூடாது. ஆகவே கொஞ்சம் விவரம்.

எனக்குக் கண்ணாடிக்கடை. கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டி அனுப்புவேன். மனைவிக்குப் பல் செட் வேலை. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். எங்கள் வீட்டுப் பின்னறையில் அது பல்லாகும். கழுத்துக்கு மேலே இந்த ஊருக்கு என்ன குறை என்றாலும் எங்கள் வீட்டில் தீர்வு உண்டு, மூளையைத் தவிர.

ஆனால் ஒரு வித்தியாசம். என் கடை வாசலில் என் பெயர், ஆள் உயரத்துக்கு, விளக்கோடு. அவள் பெயர் எங்கேயும் கிடையாது. பல்லை மாட்டிவிடுவது டாக்டர். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "உங்க கைராசி டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போவது நோயாளி. ஒருமுறை வங்கி வரிசையில் முன்னால் நின்ற அம்மாள் யாரையோ பார்த்து வாய் நிறையச் சிரித்தார். மனைவி என் காதோரம் குனிந்து, "மேல் வரிசை என்னுது" என்றாள். ஊரையே விலைக்கு வாங்கியவர் முகத்தில் கூட அவ்வளவு பூரிப்பை நான் பார்த்ததில்லை.

அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் விமானங்களுக்கு. பல் டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில் கிடந்த ஒரு பழைய பத்திரிகையில், போர் விமானம் ஒன்றைக் குறுக்கே அறுத்துக் காட்டிய படம் இருந்ததாம். கிழித்துக்கொண்டு வந்துவிட்டாள். எனக்குத் தெரிந்து அவள் வாழ்க்கையில் செய்த ஒரே திருட்டு அது. பதினொரு வருஷமாகத் திருந்தவில்லை.

இப்போது மேசையில் இருப்பது ஸ்பிட்ஃபயர். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்காகப் பறந்த, ஒரே ஆள் உட்காருகிற சண்டை விமானம். நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. இறக்கைக்கு இறக்கை என் முழங்கை முதல் மணிக்கட்டு வரை. பெட்டியில் வருகிற பாகங்களை ஒட்டினால் யாருக்கும் ஒரு விமானம் கிடைத்துவிடும். இவளுக்கு அந்தப் பெட்டி வெறும் கச்சாப் பொருள். மூக்கு குண்டு என்று இழைக்கிறாள். இறக்கையின் ஓரம் தடிமன் என்று சுரண்டுகிறாள். விமானியின் இருக்கையில் பெல்ட் வேண்டும். பல் எக்ஸ்ரே ஃபிலிம் உறைக்குள் ஒரு மெல்லிய ஈயத்தகடு வரும், அதை வாராக வெட்டி மடித்துத் தொங்கவிட்டாள். துணி போலவே துவண்டு விழுந்தது. நான் வாய் பிளந்து பார்த்தேன். "வாய மூடுங்க, உள்ள ஏதாவது போயிடும்" என்றாள்.

இந்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி மாதிரி விமானச் சங்கத்தின் கண்காட்சி. அதில் முதலாவதாக வருவதை, பழைய விமானத் தளத்தை ஒட்டி இருக்கிற அருங்காட்சியகம் தன் புது அறைக்கு எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் ஒரு பலகை வைப்பார்கள்: செய்தவர் இன்னார்.

அவள் அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். ஈயத்தகட்டை வெட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "பேர் எழுதி வைப்பாங்களாம்."

மார்ச் 5, புதன்

கடையில் கண்ணாடி துடைக்கிற துணியைக் காணோம் என்று தேடினேன். ஸ்பிட்ஃபயருக்கு மெத்தை ஆகியிருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

எனக்குப் பதவி உயர்வு.

அந்தக் காலத்து ஸ்பிட்ஃபயரின் அடிப்பக்கம் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. இடது இறக்கையின் கீழே கறுப்பு, வலதின் கீழே வெள்ளை, நட்டநடுவில் ஒரு கோடு. கீழே தரையில் நிற்கிறவன் அண்ணாந்து பார்த்ததும் நம்ம ஆள் என்று தெரிந்து சுடாமல் இருக்க வேண்டுமே, அதற்கு. முழுக்க வெள்ளை அடித்துக் காய வைத்து, விமானத்தைக் கவிழ்த்து வைத்திருந்தாள். இனி ஒரு பாதியை டேப் ஒட்டி மூடிவிட்டு மறு பாதியில் கறுப்பு அடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு பல் செட் வெந்நீரில் இருந்தது. விட்டுவிட்டு வர முடியாது. உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "வலது பக்கத்த மூடிடுங்க. இடதுல கறுப்பு."

ஒட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடையின் பெரிய லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, நூல் பிடித்த மாதிரி. அவள் வந்து அவசரமாகக் கறுப்பை அடித்துவிட்டு மறுபடி வெந்நீருக்கு ஓடினாள். ராத்திரி டேப்பை உரித்தபோது கோடு அப்படி ஒரு நேர். "பரவால்லியே" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைத்த பரவால்லியேக்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

மேல்பக்கத்துக்குப் பச்சையும் பழுப்பும் அடிக்கும்போது கீழே சிதறக் கூடாதென்று, கையோடு அடிவயிறு முழுவதையும் டேப்பால் சுற்றிக் கட்டிவிட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

சங்கக் கூட்டம். எடுபிடியாக நானும் போனேன்.

சங்கத்தின் மூத்த நடுவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நாட்டின் மிச்ச நிலத்தை அளக்க இன்னும் யாராவது கூப்பிடுவார்கள் என்பது போலச் சட்டைப் பையில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேல். எங்கள் வீட்டில் அவர் பெயர் 'ஆனா'. எந்த விமானத்தைப் பார்த்தாலும் அவர் சொல்வது, "நல்லா இருக்கு, ஆனா..." அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவதைக் கேட்டுவிட்டு ஒரு மனிதர் தன் விமானத்தை மண்டப வாசலிலேயே மிதித்துவிட்டுப் போனதாகச் சங்கத்தில் ஒரு கதை உண்டு. நான் நம்புகிறேன்.

மனைவிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் கிடைத்த ஆனா: "டயர் உருண்டையா இருக்கும்மா. விமானத்தோட எடை தாங்கினா அடியில கொஞ்சம் நசுங்கியிருக்கணும்ல." போன வருஷ ஆனா: "ஏரியல் கம்பம் பின்னால சாயுது." அவர் போன பிறகு நான் எடுத்து அளந்து பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. கண்ணால் பார்க்க முடியாத சாய்வு. கண்ணாடிக்கடைக்காரன் சொல்கிறேன்.

"அந்த ஆளுக்கு உன்மேல ஏதோ கடுப்பு" என்றேன் திரும்பும் வழியில்.

"கடுப்பெல்லாம் இல்லைங்க. அவர் சொல்றது சரி. அதனாலதான் எனக்குக் கோவமே வருது."

மார்ச் 11, செவ்வாய்

விமானத்தின் முதுகில் நிற்கிற ஏரியல் கம்பத்திலிருந்து வால் வரை ஒரு கம்பி போக வேண்டும். அளவுக்குச் சரியாக வருவது தலைமுடி என்று யாரோ சொன்னார்களாம். என் தலையைச் சுற்றி வந்தாள். மிச்சமிருப்பவர்களில் ஒருவரை, அனுமதி கேட்காமல், பிடுங்கினாள். அளவுகோலில் வைத்துப் பார்த்தாள்.

"தடிமன்" என்றாள்.

உடம்பில் இது ஒன்றுதான் மெலிந்துகொண்டே வருகிறது என்று நினைத்திருந்தேன். கடைசியில் பிளாஸ்டிக் குச்சி ஒன்றை மெழுகுவர்த்தியில் காட்டி, இளகியதும் இரண்டு கையாலும் இழுத்தாள். கண்ணுக்குத் தெரியாத இழை ஒன்று நீண்டது. அதைத்தான் கட்டியிருக்கிறாள். என் முடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மார்ச் 13, வியாழன்

விமானி முன்னால் இருக்கிற பலகையில் டயல்கள். ஒவ்வொன்றுக்கும் முள். முள்ளுக்கு மேலே கண்ணாடிக்குப் பதில் ஒரு துளி வார்னிஷ். அது போதாதென்று பலகைக்குப் பின்னால், யாரும் பார்க்க வழியே இல்லாத இடத்தில், ஒவ்வொரு டயலுக்கும் ஒயர் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இத மூடினப்புறம் எவன் பார்க்கப் போறான்?"

தலை நிமிரவில்லை. பல் செட்டில் வெளியே தெரிவது பாதிதான் என்றாள். ஈறில் உட்காருகிற உள்பக்கத்தை ஊரில் ஒருத்தரும் பார்க்கப் போவதில்லை. போட்டுக்கொள்கிறவருக்கு மட்டும் தெரியும், அவருக்கு ஒவ்வொரு வாய்க்கும் தெரியும். அடுத்த ஒயரை இடுக்கியில் எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"இதுக்குள்ள நிஜமாவே ஒருத்தன் உட்கார்ந்திருந்தான்ல. பாதிப் பேர் திரும்பி வரல. அவன் கடைசியாப் பார்த்தது இந்தப் பலகையத்தான். நான் ஏனோதானோன்னு பண்ணலாமா?"

சண்டை விமானத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாளே என்று மச்சினியோடு சேர்ந்து நானும் நிறைய நக்கல் அடித்திருக்கிறேன். இன்று அடிக்கத் தோன்றவில்லை. கடைக்குப் போய், ஒரு கண்ணாடியின் காதுக்குப் பின்னால் வருகிற வளைவை, வாடிக்கையாளர் கேட்காமலே, இரண்டாம் தடவை சூடு காட்டிச் சரிசெய்தேன். பெரிய தியாகம் செய்தவன் போல வீட்டில் வந்து சொன்னேன். "தினமும் அப்படித்தான் செய்யணும்" என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி —

விமானம் முடிந்துவிட்டது. சக்கரங்கள் நிற்கின்றன, டயர் அடியில் நசுங்கியிருக்கிறது, கம்பம் நிமிர்ந்திருக்கிறது. இறக்கையிலுள்ள துப்பாக்கி வாய்களைத் தூசி போகாமல் மூடுகிற சிவப்புத் துணி ஒட்டுகள் கூட இருக்கின்றன. அடிவயிற்றுக் கட்டு மட்டும் பாக்கி. இடுக்கியால் ஒவ்வொரு டேப்பாக, புண்ணில் பிளாஸ்திரி எடுக்கிற மாதிரி எடுத்தாள். சக்கரத்தில் நிற்க வைத்து, மேசை மட்டத்துக்குக் குனிந்து பார்த்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"ஏங்க. இங்க வாங்க. இதுல ஏறி உட்காருங்க."

"என்னது?"

"மனசால. ஏறி உட்காருங்க."

உட்கார்ந்தேன்.

"இப்ப உங்க இடது கையத் தூக்குங்க."

தூக்கினேன்.

"அந்த இறக்கைக்குக் கீழ குனிஞ்சு பாருங்க."

வெள்ளை.

ஒரு நிமிஷம் புரியவே இல்லை. பிறகு புரிந்தது. அன்றைக்கு விமானம் கவிழ்ந்து கிடந்தது. அவள் வலது என்றதும் என் வலது கைப்பக்கம் இருந்ததை மூடினேன். கவிழ்த்தால் இடம் வலம் மாறும் என்று இந்த மண்டையில் உதிக்கவே இல்லை. கண்ணாடிக்கடை! ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் இடது கண், வலது கண் என்கிறேன்! "என் இடதுன்னு நினைச்சேன்" என்றேன்.

"உங்க இடது யாருக்குங்க வேணும்? விமானத்துல இடதுன்னா எப்பவும் விமானியோட இடது. கவுந்து கிடந்தாலும், வால் முன்னாடி இருந்தாலும்."

குரல் உயரவில்லை. குனிந்து இறக்கையை மறுபடி பார்த்துவிட்டு, "அடிக்கும்போது நானும்தான் பார்த்தேன். பார்த்தும் தெரியல" என்றாள். அதுதான் இன்னும் மோசம். திட்டியிருக்கலாம்.

இன்னும் ஏழு நாள்.

மார்ச் 17, திங்கள்

பேச்சு வார்த்தை இல்லை. கடையில் ஒருவரிடம், "இடது கண்ண மூடுங்க" என்று சொல்லிவிட்டு, யாருடைய இடது என்று குழம்பி நின்றேன். அவர் இரண்டையும் மூடிக்கொண்டார்.

மார்ச் 18, செவ்வாய்

என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும்.

அடித்த கறுப்பை எடுக்க ஸ்பிரிட் வேண்டும். இறக்கையின் ஓரத்தைத் தாண்டி ஒரு சொட்டு மேலே ஏறினால் பச்சை, பழுப்பு எல்லாம் போச்சு. விமானி உட்காருகிற அறையின் கண்ணாடிக் கூட்டில் அதன் ஆவி பட்டால் புகை படிந்த மாதிரி ஆகிவிடும், உள்ளே இருப்பது தெரியாது. இதற்கு நடுவில், ஓய்வு பெறப் போகிற ஒரு தலைமை ஆசிரியருக்கு முன்பற்கள். சனிக்கிழமை அவருக்குப் பிரிவுபசார விழா, அதில் அவர் பேச வேண்டும். இரண்டும் ஒரே வாரத்தில் ஆகிற காரியமா?

ஆகவே சொன்னேன்: "அப்படியே விட்டுடலாம். யாராவது கேட்டா, போர்க்காலத்துல எவனோ ஒரு பெயிண்டர் அவசரத்துல மாத்தி அடிச்சிட்டான், அந்த ஒரு விமானம் இதுன்னு சொல்லிடு. என்னை மாதிரி ஒருத்தன் அங்கேயும் இருந்திருக்க மாட்டானா?"

இரண்டு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பின் ஓரம் தெரிந்தது. "இருந்திருப்பான். அவன் அடிச்சதோட போட்டோ இருந்தா கொண்டு வாங்க, வச்சிடறேன்" என்றாள். நான் வாயைத் திறக்குமுன், "போட்டோ இல்லாம அப்படி எழுதி வச்சா, அந்தப் பலகையில என் பேர் இருக்கறதும் இல்லாததும் ஒண்ணுதாங்க" என்று முடித்துவிட்டாள்.

எத்தனையோ பொய் சொல்லிக் குடும்பம் நடத்தியவன் நான். கூடவே இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு எப்படி நடத்தினேன் என்பது இப்போதுதான் ஆச்சரியமாக இருக்கிறது.

மார்ச் 19, புதன்

முதலில் பல்தான் என்றாள். விமானத்துக்கு அவசரமில்லையா என்றேன். "அவர் மேடையில வாயத் திறக்கணும்ல" என்றாள்.

பகல் முழுவதும் தலைமை ஆசிரியர். விளக்கு வைத்த பிறகு ஸ்பிட்ஃபயர். பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு, கிட்டத்தட்ட உலர்த்தி, அதன் பிறகு ஒரு தேய்ப்பு. குச்சியைப் போட்டுவிட்டு அடுத்தது. விமானி அறைக் கண்ணாடியின் மேலே மெழுகால் ஒரு மூடி செய்து பொருத்திவிட்டாள். மெழுகில் பல் வரிசை செய்கிற கைக்கு இதெல்லாம் எம்மாத்திரம். என் பங்குக்குக் குச்சியில் பஞ்சு சுற்றிக் கொடுத்தேன். எவ்வளவு சுற்றினேன் என்று தெரியாது. கட்டைவிரல் நுனி மரத்துவிட்டது. மச்சினி ஃபோன் செய்தாள், "அத்தான் என்ன பண்றார்?" என்று கேட்டாள். "பிராயச்சித்தம்" என்றாள் இவள்.

கறுப்பு போய்விட்டது. அடியில் செதுக்கியிருந்த கோடுகள் ஒன்றும் அழியவில்லை. மேலே ஒரு சொட்டு ஏறவில்லை.

மார்ச் 20, வியாழன்

வெள்ளை மறுபடி அடித்து, காய்ந்தும் விட்டது. விமானம் மறுபடி கவிழ்ந்து கிடந்தது. டேப் சுருளை எடுத்தாள். நான் நைசாக அறையை விட்டு நழுவப் பார்த்தேன்.

"எங்க போறீங்க? ஒட்டுங்க."

"நானா?"

"வேற யாரு? என் கை பூரா மெழுகு."

கையில் மெழுகு இருந்தது உண்மை. கழுவினால் போய்விடும் என்பதும் உண்மை. சுருளை வாங்கிக்கொண்டேன்.

பேனாவால் என் இடது கையில் 'இந்த இடது இல்லை' என்று எழுதிக்கொண்டேன். மனதால் ஏறி உட்கார்ந்தேன், விமானத்தோடு சேர்ந்து தலைகீழாகக் கவிழ்ந்தேன், தொங்கிக்கொண்டே இடது கையைத் தூக்கினேன். அவளிடம் மூன்று தடவை கேட்டேன். சரிதான், சரிதான், சரிதாங்க என்றாள். ஒட்டினேன்.

கறுப்பு அடித்து, காய்ந்து, டேப்பை உரித்தால் — பக்கம் சரி. கோடு? நடுவில், வாலுக்குப் போகிற வழியில், லேசாக ஒரு வளைவு. அன்றைக்குப் பயமே இல்லாமல் தப்பான பக்கத்தில் ஒட்டியது நூல் பிடித்த மாதிரி இருந்தது. இன்றைக்குப் பயந்து பயந்து சரியான பக்கத்தில் ஒட்டியது நெளிந்துவிட்டது.

பார்த்தாள். பார்த்தது எனக்குத் தெரியும். ஏரியல் கம்பத்தின் சாய்வு தெரிகிற கண் அது. "திருப்பி அடிக்கவா?" என்றேன். "வேணாம். மூணாவது தடவைக்கு அது தாங்காது. மேசையில நிக்கும்போது அடிவயிறு யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு விமானத்தை நிமிர்த்தி வைத்தாள்.

யாரும் பார்க்க முடியாத ஒயருக்கு மூன்று ராத்திரி செலவழித்தவள். எனக்காகச் சொன்ன பேச்சு என்று புரிந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 22, சனி

தலைமை ஆசிரியர் பிரமாதமாகப் பேசினாராம். ஒன்றேகால் மணி நேரம். பல் இல்லாமலே இருந்திருக்கலாம் என்று கூட்டத்தில் பலரும் நினைத்ததாகக் கேள்வி.

மார்ச் 23, ஞாயிறு

கண்காட்சி. நீள மேசைகள், வெள்ளை விரிப்பு, ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு எண். பெயர் கிடையாது, நடுவர்களுக்குத் தெரியக் கூடாதாம், செய்தவர் பக்கத்திலேயே நின்றாலும். கையால் தொடவும் கூடாது, பார்க்க மட்டும்தான்.

ஆனா வந்தார். கூட இன்னும் இரண்டு நடுவர்கள், அருங்காட்சியக அதிகாரி ஒருவர். எங்கள் மேசைக்கு வருவதற்குள் வழியில் ஆறு ஆனாக்கள் விழுந்த சத்தம் கேட்டது. ஸ்பிட்ஃபயரின் முன்னால் குனிந்தார். டயரைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் போய்க் குனிந்து, நிழலில் இறக்கையின் அடியைப் பார்த்து, தன் இடது கையைத் தூக்கித் தனக்குத்தானே ஏதோ சரிபார்த்துக்கொண்டார். இவரும் ஏறித்தான் உட்காருகிறார்!

பிறகு, கண்ணாடி பின்னுக்குத் தள்ளியிருந்த விமானி அறைக்குள் எட்டிப் பார்த்தார். தலையைச் சாய்த்தார், போதவில்லை. மனைவி கைப்பையிலிருந்து வாயில் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். அதை வாங்கி, டார்ச்சைப் பிடித்து, ஸ்பிட்ஃபயருக்குக் கடைவாய்ப் பல் பார்க்கிற மாதிரி உள்ளே விட்டார்.

"பலகைக்குப் பின்னால ஒயர் இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும் சார்."

கண்ணாடியை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். பின்னால் நின்ற இரண்டு நடுவர்களும் கால் மாற்றி நின்றார்கள். கடைசியில் நிமிர்ந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு" என்றார். 

காத்திருந்தோம். நான், அவள், அந்த இரண்டு நடுவர்கள், பக்கத்து மேசைக்காரர். அவர் கண்ணாடியைத் தன் கைக்குட்டையில் துடைத்து, அவளிடம் கொடுத்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. பின்னாலேயே ஓடினேன். "சார், ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"இல்லையே" என்றார். "சொல்லிட்டேனே."

திரும்பிப் பார்த்தால், அவள் பல் வலிக்காரி மாதிரி ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பரிசு அறிவித்தது சாயங்காலம். எங்களுக்கு அது பழைய செய்தி.

மார்ச் 24, திங்கள்

ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன். கண் சோதிக்க வந்தவர்களுக்கு எழுத்துப் பலகையைக் காட்டுவதற்கு முன்னால் ஸ்பிட்ஃபயர் படத்தைக் காட்டினேன். மச்சினிக்கும் ஃபோன் போட்டேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

அருங்காட்சியக அதிகாரி வீட்டுக்கே வந்து, பஞ்சு மெத்தை வைத்த பெட்டியில் விமானத்தை எடுத்துப் போனார். பலகையில் பெயர் எப்படிப் போட வேண்டும் என்று கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் எழுதியதை வாங்கிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை சொன்னாள். முன்னால் பின்னால் ஏதாவது சேர்க்க வேண்டுமா, வீட்டுக்காரர் பெயர் ஏதாவது என்று அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இழுத்தார்.

"வேண்டாம். அது மட்டும் போதும்" என்றாள். நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன். ஒரு நொடி பிந்திவிட்டேன். 

என் அன்பளிப்பாக, கடையிலேயே உசத்தியான லென்ஸ் ஒன்றைத் தாங்கியோடு கொடுத்தேன். விமானத்துக்கு எதிரே வைத்தால், வருகிறவர்கள் அந்த டயல்களையும் முட்களையும் ஈயத்தகட்டு பெல்ட்டையும் பார்க்கலாம். அதிகாரிக்கு ரொம்ப மகிழ்ச்சி.

மே 11, ஞாயிறு

புது அறையைத் திறந்துவிட்டார்கள். இன்று போய்ப் பார்த்தோம்.

அவள் நல்ல புடவை கட்டியிருந்தாள். பலகை சுவரில், கண் மட்டத்துக்கு நேராக. செய்தவர் என்று போட்டு, கீழே அவள் பெயர் மட்டும், பெரிய எழுத்தில். பிழை இல்லை. விமானத்தைப் பார்க்குமுன் அவள் அதைத்தான் படித்தாள். படித்துவிட்டு நகர்ந்தாள், திரும்பி வந்து மறுபடி படித்தாள். பக்கத்தில் யாரோ ஒரு பெண் அந்தப் பெயரை வாய்விட்டு வாசித்தார். இவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு ஜோக் அடிக்கலாமென்று பார்த்தேன். தொண்டையில் ஏதோ அடைத்தது. இந்தத் தடவை விமானி இல்லை.

என் லென்ஸ் வாசலில் காவலர் மேசையில் இருக்கிறது. அதை வைத்துத்தான் பேப்பர் படிக்கிறார். அருமையான லென்ஸ் என்று பாராட்டினார்.

விமானத்தை, பறக்கிற மாதிரி இருக்கட்டும் என்று, கூரையிலிருந்து கம்பி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது அடிவயிறு மட்டும்தான்: பாதி கறுப்பு, பாதி வெள்ளை, நடுவில் நான் ஒட்டிய கோடு.